இஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், ஆளுகை) வந்தபின் இயக்குநர் குழுவின் மேசையில் உண்மையில் எது மாறியிருக்கிறது?

#1 அகல்விளக்கு

சுற்றுச்சூழலுக்கும் சமூகப் பொறுப்புக்கும் தனி அத்தியாயம் இல்லாத ஆண்டறிக்கையைப் பெரிய நிறுவனங்களில் இன்று பார்க்க முடிவதில்லை. நிலைத்தன்மைக்கு உட்குழு, 2050க்குள் நிகர சுழிய கார்பன் உமிழ்வு, சப்ளையர் நடத்தை விதி, எல்லாம் இருக்கின்றன. அறிக்கை எப்படி எழுதுவது என்று நான் கேட்க வரவில்லை. போர்டு கூடும் அறையில் வேலை எப்படி மாறியிருக்கிறது என்பதே கேள்வி.

குறிப்பாக மூன்று சந்தேகங்கள். இதற்குத் தனி உட்குழு வேண்டுமா, தணிக்கைக் குழுவே போதுமா? உயர் அதிகாரிகளின் போனஸை உமிழ்வு, விபத்து எண்களோடு கட்டுவது பலன் தருகிறதா? போர்டு முன் வைக்கப்படும் அந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

துறைக்குள் இருப்பவர்கள் நடைமுறையாகச் சொன்னால் நல்லது.

#2 சட்டமுடிச்சு

சட்டப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இயக்குநர்களை முதலில் உலுக்கியது அதுதான்.

"லாபத்தைத் தவிர வேறெதையும் இயக்குநர் பார்க்கலாமா?" என்ற பழைய கேள்விக்குப் பல நாடுகளின் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. பிரிட்டனின் 2006 கம்பெனிச் சட்டம், 172ஆம் பிரிவில், ஊழியர்களையும் சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. இந்தியாவின் 2013 சட்டம் 166(2)ஆம் பிரிவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பை இயக்குநரின் கடமைப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. இப்போது நீதிமன்றங்களில் எழும் கேள்வி வேறு: "இது உங்கள் காதுக்கு ஏன் வரவில்லை?"

இதற்கு நல்ல உதாரணம் ஓர் ஐஸ்கிரீம் நிறுவனம். 2015ல் அமெரிக்காவின் புளூ பெல் ஐஸ்கிரீமில் லிஸ்டீரியா கிருமி பரவி மூன்று பேர் இறந்தார்கள். வழக்கு 2019ல் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உணவுத் தர விதிகளை ஆலை பின்பற்றியது, ஆய்வாளர்கள் வந்து போனார்கள் என்பது நிர்வாகத் தரப்பின் வாதம். நீதிமன்றம் பார்த்தது வேறு இடத்தை. உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கப் போர்டில் உட்குழு இல்லை. கூட்ட நிரலில் அதற்கென நிலையான இடம் இல்லை. கீழே தெரிந்த எச்சரிக்கை மேலே ஏறுவதற்கு வழியும் இல்லை. ஒரே பொருளை விற்கும் நிறுவனம், அந்தப் பொருளால் ஆள் சாகக்கூடும் என்ற அபாயத்தைப் போர்டு அளவில் கண்காணிக்கவே முயலவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது எனச் சொல்லி வழக்கைத் தொடர அனுமதித்தது. 346 உயிர்களைக் குடித்த இரண்டு 737 மேக்ஸ் விபத்துகளுக்குப் பிறகு போயிங் இயக்குநர்கள் மீதும் இதே தடத்தில் வழக்கு நகர்ந்தது. 2021ல் 23.75 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

ஆகவே கம்பெனி செக்ரட்டரி இன்று முதலில் செய்ய வேண்டியது, நிறுவனத்தின் உயிர்நாடி அபாயங்கள் ஐந்தோ ஆறோ எவை என்று போர்டைத் தீர்மானிக்க வைப்பது. ஒவ்வொன்றுக்கும் எந்த உட்குழு பொறுப்பு, ஆண்டில் எத்தனை முறை நிரலில் வரும், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே எது நடந்தால் 24 மணி நேரத்தில் தலைவருக்குத் தகவல் போக வேண்டும் என்று எழுதி வைப்பது அடுத்தது. பலர் விட்டுவிடுவது அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பருவநிலைத் திட்டம் போதாது என்று ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் இயக்குநர்கள் மீது கிளையன்ட்எர்த் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கை 2023ல் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எதை எதோடு எடைபோடுவது என்பது இயக்குநர்களின் வணிக முடிவு, அதில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்பதே சாரம். ஷெல் 2030க்குள் உமிழ்வை 45% குறைக்க வேண்டும் என்ற நெதர்லாந்தின் ஹேக் நீதிமன்றத்து 2021 தீர்ப்பும் 2024 நவம்பரில் மேல்முறையீட்டில் ரத்தானது. ஆனால் உமிழ்வைக் கட்டுப்படுத்தும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. முடிவு தவறாகப் போனால் தண்டனை என்ற நிலை வரவில்லை. பார்க்காமலே இருந்தால் ஆபத்து என்ற நிலை வந்துவிட்டது.

#3 கணக்குச்சாவி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எண்களை நம்பலாமா? பெரும்பாலான இடங்களில் இப்போதைக்கு முழுதாக நம்ப முடியாது. காரணம் பொய் அல்ல. நிதிக் கணக்குக்கு இருக்கும் காவல் இந்த எண்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

விற்பனை வருவாயில் ஒரு ரூபாய் மாற வேண்டுமானாலும் பதிவு, ஒப்புதல், மாதக் கணக்கு முடிப்பு, உள் தணிக்கை என்று நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும். உமிழ்வு எண்ணோ, நாற்பது ஆலைகளிலிருந்து மின்னஞ்சலில் வரும் எக்செல் தாள்களை ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டிச் சேர்ப்பதில் பிறக்கிறது.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள் இவை:

எல்லை. எந்த ஆலையின் உமிழ்வு கணக்கில் வரும் என்பதற்கு, கிரீன்ஹவுஸ் வாயு நெறிமுறை என்ற உலகப் பொது வழிகாட்டிப்படி, நிதிக் கட்டுப்பாடு, செயல்பாட்டுக் கட்டுப்பாடு, பங்கு விகிதம் என மூன்றில் ஒன்றைத் தேர்ந்து அதையே எங்கும் பின்பற்ற வேண்டும். கூட்டு நிறுவனத்தில் 49% வைத்துக்கொண்டு ஆலையைத் தாங்களே நடத்துபவர்கள் அதை வெளியே தள்ளிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. செயல்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தேர்ந்திருந்தால் அந்த ஆலையின் 100 சதவீதமும் உள்ளே வர வேண்டும்.

மறைந்திருக்கும் மூலங்கள். மின்சாரமும் டீசலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். குளிரூட்டி வாயு நினைவிருக்காது. ஆர்-410ஏ வாயு 10 கிலோ கசிந்தால், ஐநாவின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி நான்காம் அறிக்கையில் தந்த வெப்பமாக்கும் திறன் (கார்பன் டை ஆக்சைடைப் போல் எத்தனை மடங்கு) 2,088ஆல் பெருக்க, ஏறத்தாழ 21 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். லிட்டருக்கு 2.7 கிலோ என்று வைத்தால் கிட்டத்தட்ட 7,800 லிட்டர் டீசல் எரித்த கணக்கு அது. துணைமின் நிலையத்து எஸ்எஃப்6 வாயு ஒரு கிலோ போனாலே, அதே அறிக்கையின் மதிப்பில், 22.8 டன். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் சிலிண்டரில் எவ்வளவு நிரப்பினார் என்ற சீட்டுதான் இதற்கு ஆதாரம். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குபவர் யாரென்று யாரும் தீர்மானித்திருக்க மாட்டார்கள்.

காரணிகள். மீத்தேனின் வெப்பமாக்கும் திறனை ஐபிசிசி நான்காம் அறிக்கை 25 என்றது, ஐந்தாவது 28 என்றது, ஆறாவது புதைபடிவ மூலம் அல்லாததற்கு 27 என்றும் அதற்கு மேல் நுணுக்கமாகவும் பிரித்தது. ஓர் ஆலை பழையதையும் இன்னொன்று புதியதையும் போட்டால் கூட்டல் அர்த்தம் இழக்கும்.

அலகு. கிலோவாட் மணியும் மெகாவாட் மணியும் குழம்பினால் ஆயிரம் மடங்கு பிசகும். அது பெரிய தவறு என்பதால் கண்ணில் பட்டுவிடும். உண்மையான ஆபத்து, ஆண்டின் கடைசி இரண்டு மாத பில் வராமல் மதிப்பீடு போட்டு, பிறகு திருத்த மறந்துபோவது. அது யார் கண்ணிலும் படாது.

இதற்கு மருந்து புதிய மென்பொருள் அல்ல, நிதித்துறையின் பழைய ஒழுங்கு. கணக்கீட்டுக் கையேடு ஒன்று. ஆலைவாரியாகத் தரவுக்குப் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர், அவரைச் சரிபார்க்க வேறொருவர். மாதந்தோறும் முடிப்பு. முந்தைய மாதத்தைவிட 10% மாறினால் எழுத்தில் விளக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் இன்வாய்ஸ் அல்லது மீட்டர் அளவீடு. உள் கட்டுப்பாட்டுக் கட்டமைப்பைத் தந்த கோசோ அமைப்பு 2023 மார்ச்சில் நிலைத்தன்மைத் தரவுக்கென்றே துணை வழிகாட்டி வெளியிட்டது. தணிக்கைக் குழு அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்.

#4 மறுதட்டு

மேலே உள்ள இரண்டும் அருமை. ஆனால் இரண்டுமே "தெரிந்துகொள்வது" பற்றியவை. தெரிந்துகொண்டபின் போர்டு எதை வேறுவிதமாகத் தீர்மானித்தது? பணம் போகும் வழி மாறவில்லை என்றால் எண் எவ்வளவு சுத்தமாக இருந்தும் ஆளுகை மாறவில்லை என்றே சொல்வேன்.

#5 முதல்வரவு

#4 சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். மூலதனச் செலவுக் கோரிக்கைப் படிவத்தைப் பாருங்கள். ஒரு நிறுவனம் மாறியிருக்கிறதா என்பதை 200 பக்க அறிக்கையைவிட அந்த நான்கு பக்கப் படிவம் தெளிவாகச் சொல்லும்.

அந்தப் படிவத்தில் பார்க்க வேண்டியது உள் கார்பன் விலை, அதாவது தன் உமிழ்வுக்கு நிறுவனம் தானே வைத்துக்கொள்ளும் விலை. அது இரண்டு வகை. ஒன்று நிழல் விலை: காகிதத்தில் மட்டும் கணக்கிடுவது. இன்னொன்று உண்மையான கட்டணம்: பிரிவின் வரவுசெலவிலிருந்து பணமே கழிவது. மைக்ரோசாஃப்ட் 2012லிருந்து இரண்டாவது வகையை நடத்துகிறது.

நிழல் விலை எப்படி வேலை செய்யும் என்று ஒரு கற்பனைக் கணக்கு. புதிய எரிவாயுக் கொதிகலன் ஆண்டுக்கு 5,000 டன் உமிழும். டன்னுக்கு 80 டாலர் என்றால் ஆண்டுக்கு 4 லட்சம் டாலர். ஆயுள் 15 ஆண்டு, தள்ளுபடி விகிதம் 8% என்றால், ஆண்டுதோறும் வரும் தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் ஆண்டுத்தொகைக் காரணி 8.56. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 34 லட்சம் டாலர். மின்சார வெப்பப் பம்பு 25 லட்சம் டாலர் கூடுதல் விலை என்று ஒதுக்கப்பட்டிருந்தால் இப்போது முடிவு தலைகீழாகும். அது இழுக்கும் மின்சாரத்தின் உமிழ்வையும் இயக்கச் செலவையும் அதே தாளில் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

எங்கே சறுக்குகிறது?

நிழல் விலை பின்னிணைப்பில் போய் உட்கார்ந்துவிடும். முதல் பக்கத்தில் கார்பன் விலை சேர்க்காத நிகர இன்றைய மதிப்பு, 38ஆம் பக்கத்தில் சேர்த்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைக்கச் சொல்லிப் போர்டு விதி போட வேண்டும். இரண்டின் குறியும் மாறுபட்டால், அதாவது ஒன்றில் லாபம், மற்றதில் நட்டம் என்றால், ஒப்புதல் அதிகாரம் ஒரு படி மேலே போக வேண்டும்.

அடுத்தது துண்டுபோடுதல். 50 லட்சத்துக்கு மேல் என்றால்தான் கார்பன் கணக்கு வேண்டும் என்று வரம்பு வைத்தால், 48 லட்சத்தில் இரண்டு கோரிக்கைகள் வரும். பண வரம்போடு டன் வரம்பும் வையுங்கள்: செலவு எவ்வளவாக இருந்தாலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் சேர்த்தால் கணக்கு கட்டாயம்.

மூன்றாவது, ஆயுள். 2030க்குப் பாதியாகக் குறைப்போம் என்று அறிவித்த நிறுவனம் 2028ல் 25 ஆண்டு உழைக்கும் நிலக்கரி உலையை அனுமதித்தால், அந்த உலை 2053 வரை புகைவிடும். ஆகவே கோரிக்கைப் படிவத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: "இந்தச் சொத்தின் ஆயுள் நம் இலக்கு ஆண்டைத் தாண்டுகிறதா? தாண்டினால் முன்கூட்டியே மூட ஆகும் செலவு எவ்வளவு?" நான் பார்க்கச் சொல்வது இந்த ஒரு வரியைத்தான். இது இல்லாத இடத்தில் இலக்கு வெறும் அறிவிப்பு.

முதலீட்டாளர்களும் இதைத்தான் பிடித்தார்கள். 2021ல் எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனத்தில் வெறும் 0.02% பங்கு வைத்திருந்த எஞ்சின் நம்பர் 1 என்ற சிறிய நிதி, 12 பேர் கொண்ட போர்டில் மூன்று இடங்களை வென்றது. பெரிய ஓய்வூதிய நிதிகளின் வாக்கு விழுந்தது "பூமியைக் காப்போம்" என்ற முழக்கத்துக்காக மட்டும் அல்ல. மூலதனத்தை எங்கே போடுகிறீர்கள், எரிசக்தித் தொழில் அனுபவம் உள்ள வெளி இயக்குநர் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்காகவும்தான்.

#6 அகல்விளக்கு

நன்றி. #5ல் சொன்ன ஒரே பக்கம் என்ற விதி எளிதாக இருக்கிறது, உடனே செய்யக்கூடியதும்கூட. போனஸ் பற்றி யாராவது?

#7 ஊதியவரைவு

போனஸோடு கட்டுவது வேலை செய்யும். ஆனால் வடிவமைப்பில் சிறு பிசகு இருந்தால் தீங்கு செய்யும்.

பொதுவாக ஆண்டு ஊக்கத்தொகையில் 10 முதல் 20 சதவீதம் வரை இஎஸ்ஜி அளவுகோல்களுக்கு ஒதுக்குகிறார்கள். அதற்குள் "ஊழியர் ஈடுபாடு", "பன்முகத்தன்மைப் பயணம்", "நிலைத்தன்மைக் கலாசாரம்" என்று ஐந்தாறு சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் 2 அல்லது 3 சதவீதம்தான் கிடைக்கும். யாரும் 2 சதவீதத்துக்காக நடத்தையை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அளக்க முடியாதவை என்பதால் எல்லோருக்கும் முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். விளைவு, லாபம் சரிந்த ஆண்டில் போனஸைத் தாங்கிப் பிடிக்கும் முட்டாக இது மாறுகிறது. ஊதியக் குழு ஐந்து ஆண்டு முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கட்டும். நிதி இலக்குகளின் எட்டல் 60க்கும் 130 சதவீதத்துக்கும் நடுவே ஏறி இறங்க, இஎஸ்ஜி பகுதி மட்டும் ஆண்டுதோறும் 110 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் இலக்கு தளர்வானது என்று பொருள்.

இரண்டு அளவுகோல் போதும், அதிகம் போனால் மூன்று. இலக்கு நிர்ணயிக்கும்போது இந்த ஓட்டைகளை அடைக்க வேண்டும்:

சான்றிதழ் வாங்கிக் குறைப்பது. வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வை இரண்டு விதமாகக் காட்டலாம். மின்கட்டமைப்பின் சராசரிப்படி ஒன்று, பசுமை மின்சார ஒப்பந்தமும் சான்றிதழும் கொண்டு இன்னொன்று. இரண்டாவது முறையில், ஆலையில் ஒரு பல்புகூட மாறாமல், மலிவான சான்றிதழ் வாங்கி எண்ணைச் சுழியம் ஆக்கிவிடலாம். போனஸுக்கு முதல் முறையையோ ஆற்றல் நுகர்வையோ எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஆலையை விற்றுக் குறைப்பது. அழுக்கான ஆலையை வேறொருவருக்கு விற்றால் நிறுவனத்தின் எண் குறையும், காற்றில் ஒன்றும் குறையாது. ஒப்பிடப் பயன்படும் அடிப்படை ஆண்டு எண்ணையும் அதே அளவு குறைத்துத் திருத்த வேண்டும். 5% மாற்றம் வந்தால் திருத்துவது என்பது பரவலான வரம்பு. அந்தக் கொள்கை போனஸ் விதியிலும் எழுத்தில் இருக்க வேண்டும், அறிக்கையின் அடிக்குறிப்பில் மட்டும் அல்ல.

விகிதம். டன் உற்பத்திக்கு இவ்வளவு உமிழ்வு என்ற அளவு, உற்பத்தி இரட்டிப்பானால் குறைந்துகொண்டே மொத்தம் ஏறுவதை மறைக்கும். இரண்டையும் வையுங்கள்.

காலம். உமிழ்வுக் குறைப்பு ஓர் ஆண்டில் நடக்காது. அதை மூன்று அல்லது ஐந்து ஆண்டுப் பங்குத் திட்டத்தில் வைத்து, பிறகு தரவு தவறென்று தெரிந்தால் திரும்பப் பெறும் விதியையும் சேர்க்க வேண்டும்.

சமூகப் பக்கத்தில் உயிரிழப்பு ஒரு எடை அல்ல, ஒரு கதவு. "உயிரிழப்பு நேர்ந்தால் 5% குறையும்" என்றால் ஒரு உயிருக்கு விலை போட்டதாகிறது. "உயிரிழப்பு நேர்ந்தால், ஊதியக் குழு விசாரணை அறிக்கையைப் படித்துத் தீர்மானிக்கும் வரை பாதுகாப்புப் பகுதி முழுதும் நிறுத்தி வைக்கப்படும்" என்று எழுதலாம்.

#8 உலைக்காவல்

பாதுகாப்பு அளவுகோல் பற்றி #7 சொன்னதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். இது உயிர் சம்பந்தப்பட்டது.

2005ல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த பேக்கர் குழு 2007ல் சொன்னதில் மையமான ஒன்று: தனிநபர் காய விகிதம் குறைந்ததை வைத்து ஆலை பாதுகாப்பானது என்று நிர்வாகம் நம்பிவிட்டது. வழுக்கி விழுவதும் விரல் நசுங்குவதும் குறைவது ஒரு விஷயம். அழுத்தக் கலன் வெடிக்காமல் இருப்பது முற்றிலும் வேறு விஷயம். ஒன்றைக் கொண்டு மற்றதை அளக்க முடியாது.

ஆகவே போர்டுக்கு வரும் ஒரு பக்கத் தாளில் லாஸ்ட் டைம் காய விகிதத்துக்கு (வேலைக்கு வர முடியாமல் செய்த காயங்கள்) அருகே இவையும் இருக்க வேண்டும்: தவணை கடந்த பாதுகாப்பு வால்வு சோதனைகள் எத்தனை, தற்காலிகமாக முடக்கப்பட்ட அலாரங்கள் எத்தனை, கலனிலிருந்து வெளியேறிய கசிவுகள் எத்தனை, முந்தைய விபத்து விசாரணைப் பரிந்துரைகளில் இன்னும் மூடப்படாதவை எத்தனை. அமெரிக்க எண்ணெய்த் துறை அமைப்பின் ஏபிஐ 754 என்ற வழிகாட்டி, ஆலைப் பாதுகாப்பு நிகழ்வுகளையும் அறிகுறிகளையும் நான்கு அடுக்காகப் பிரிக்கிறது. மேல் இரண்டு அடுக்கு நடந்து முடிந்தவை, கீழ் இரண்டு அடுக்கு வரப்போவதன் அறிகுறிகள். போர்டு கீழ் அடுக்குகளைப் பார்க்கப் பழக வேண்டும்.

இன்னொன்று. காய எண்ணைப் போனஸோடு கட்டியதும் காயம் குறைவதற்கு முன் பதிவு குறையும். கை உடைந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து "லேசான பணி" என்று எழுதிவிட்டால் லாஸ்ட் டைம் காயம் பதிவாகாது. இதைப் பிடிக்க வழி உண்டு: முதலுதவி அறைப் பதிவேடு, மருத்துவச் செலவு இன்வாய்ஸ், காய அறிக்கை மூன்றையும் உள் தணிக்கை ஒப்பிட வேண்டும். காயப் பதிவு ஏறி, "நூலிழையில் தப்பியது" பதிவுகளும் ஏறினால் அது பல நேரம் நல்ல செய்தி, ஆட்கள் வாய் திறக்கிறார்கள் என்று பொருள். நூலிழைப் பதிவே இல்லாத ஆலையைத்தான் போர்டு நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்க்காத விகிதத்தை ஏற்கவே கூடாது. அபாயமான வேலை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

#9 கணக்குச்சாவி

#8க்கு ஒரு சிறு சேர்க்கை. விகிதங்களை ஒப்பிடும்போது பெருக்கியைப் பாருங்கள். அமெரிக்க முறை 2,00,000 மணி நேரத்துக்கு (100 பேர், வாரம் 40 மணி, 50 வாரம்), பல நாடுகளில் 10,00,000 மணி நேரத்துக்கு. அதே பாதுகாப்பு நிலை ஒன்றில் 0.4 என்றும் மற்றதில் 2.0 என்றும் தெரியும். போட்டி நிறுவனத்தைவிட ஐந்து மடங்கு நன்றாக இருக்கிறோம் என்று ஸ்லைடில் கண்டால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

#10 நூற்கண்டு

சப்ளையர் பக்கத்தை யாரும் தொடவில்லை. சமூகப் பொறுப்பு என்பதில் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது.

2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை தீப்பிடித்து 250க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24ல் வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். சமூகத் தணிக்கைகள் அந்தக் கட்டடத்துக்குள்ளும் நடந்திருந்தன. தணிக்கையாளரின் பட்டியலில் கட்டடத்தின் தூண் வலிமை இல்லை. இந்த இரண்டுக்கும் பிறகும் "எங்கள் சப்ளையர்களில் 98% தணிக்கை செய்யப்பட்டார்கள்" என்ற ஸ்லைடைப் பார்த்துத் தலையசைக்கும் போர்டு தன் கடமையைச் செய்யவில்லை. கடுமையாகச் சொல்கிறேன், தெரிந்தே சொல்கிறேன்.

என்ன கேட்க வேண்டும்? சப்ளையரைப் பற்றி அல்ல, முதலில் சொந்தக் கொள்முதல் துறையைப் பற்றி. ஆர்டர் கொடுத்தபின் வடிவமைப்பை எத்தனை முறை மாற்றினோம்? ஒப்புக்கொண்ட கால அவகாசத்தை எத்தனை ஆர்டரில் சுருக்கினோம்? கொடுக்கும் விலையில் சட்டப்படியான கூலியும் மிகுதிநேரக் கூலியும் அடங்குகிறதா என்று கணக்குப் போட்டோமா? பணம் எத்தனை நாளில் போகிறது? வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நடத்தை விதியில் எழுதிவிட்டு, ஆறு வார ஆர்டரை நான்கு வாரத்தில் கேட்டால் அந்த விதியை மீறச் சொல்வது வாங்குபவர்தான். கொள்முதல் அதிகாரியின் இலக்கில் விலைக் குறைப்பு மட்டும் இருக்கும்வரை இது மாறாது.

ஆள் சேர்ப்புக் கட்டணம் இன்னொரு முள். புலம்பெயர் தொழிலாளி முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டியிருந்தால் வேலையை விட்டுப் போக முடியாது. தணிக்கைக் கேள்வித்தாளில் "கட்டணம் வாங்குகிறீர்களா" என்று ஆலையைக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். தொழிலாளியின் தாய்மொழியில், ஆலைக்கு வெளியே, மேற்பார்வையாளர் இல்லாமல் கேட்க வேண்டும். கட்டியது தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் செலவில் வாங்குபவர் பங்கு எவ்வளவு என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

சட்டங்களும் இறுகுகின்றன. பிரான்சின் 2017 விழிப்புக் கடமைச் சட்டம், பிரான்சில் 5,000 அல்லது உலகளவில் 10,000 ஊழியர் உள்ள நிறுவனங்கள் மனித உரிமை, சுற்றுச்சூழல் தீங்குகளைத் தடுக்கும் விழிப்புத் திட்டம் வெளியிட்டு அதைச் செயல்படுத்த வேண்டும் என்கிறது. பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம், அடிமை உழைப்பைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகள் பற்றிய ஆண்டு அறிக்கையைப் போர்டு ஏற்று ஓர் இயக்குநர் கையெழுத்திட வேண்டும் என்கிறது. கையெழுத்துப் போடுபவர் கேள்வி கேட்கத் தொடங்குகிறார், அந்த அளவில் அது உதவுகிறது.

#11 மறுதட்டு

#10 சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கான சப்ளையர்கள் உள்ள இடத்தில் இதை எங்கிருந்து தொடங்குவது?

#12 நூற்கண்டு

செலவுத் தொகை வரிசையில் தொடங்காதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு அது. தீங்கின் கடுமை வரிசையில் தொடங்குங்கள்: எத்தனை பேருக்கு, எவ்வளவு ஆழமாக, திருப்பிச் சரிசெய்ய முடியுமா. வணிகமும் மனித உரிமையும் பற்றி 2011ல் ஏற்கப்பட்ட ஐநா வழிகாட்டிக் கொள்கைகள் சொல்லும் வரிசை அதுதான். அலுவலகத்துக்கு மென்பொருள் விற்பவர் செலவில் முதலிடத்தில் இருப்பார். துப்புரவு, காவல், உணவகம் என்று வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஒப்பந்தங்கள் செலவில் கீழே இருக்கும், அபாயத்தில் மேலே இருக்கும். முதல் ஆண்டுக்கு 30 ஒப்பந்தம் போதும்.

#13 சட்டமுடிச்சு

சமூகப் பக்கத்தில் ஆளுகை எங்கே முறிகிறது என்பதற்கு ஜூகன் கோர்ஜ் பாடப்புத்தகம் போன்றது. 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவில் இரும்புத் தாதுச் சுரங்க விரிவாக்கத்துக்காக ரியோ டின்டோ, 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடம் கொண்ட குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. மாநிலச் சட்டப்படி அனுமதி 2013லேயே இருந்தது. அதன்பின் 2014 அகழாய்வில் அந்த இடத்தின் அருமை தெளிவாயிற்று. அந்த அறிவு வெடிவைக்கும் முடிவை எடுப்பவர்களிடம் போய்ச் சேரவில்லை. முதலில் உயர் அதிகாரிகளின் போனஸை மட்டும் வெட்டினார்கள். முதலீட்டாளர்கள் அது போதாது என்றதும் தலைமை நிர்வாகியும் இன்னும் இருவரும் விலகினார்கள்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது: சமூக உறவைக் கவனிப்பவர்கள் ஒரு பக்கம், தோண்டுபவர்கள் இன்னொரு பக்கம் என்று இருந்ததுதான் முறிவு. பின்னர் அந்தப் பொறுப்பை உற்பத்திப் பிரிவின் நேர் நிர்வாகத்திடமே கொண்டுவந்தார்கள். பழைய அனுமதிகளைப் புதிய தகவலோடு ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யும் பதிவேடு எந்த நிறுவனத்துக்கும் தேவை.

அறிக்கையில் எழுதுவதும் இனி விளம்பரம் அல்ல. பிரேசிலில் வாலே சுரங்க நிறுவனத்தின் புருமாடினோ கழிவு அணை 2019 ஜனவரியில் உடைந்து 270 பேர் இறந்தபின், நிலைத்தன்மை அறிக்கைகளிலும் அணைப் பாதுகாப்பு பற்றி முதலீட்டாளரைத் தவறாக வழிநடத்தியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வாலே மீது வழக்குத் தொடுத்தது. 2023ல் 5.59 கோடி டாலருக்கு முடிந்தது. அதே ஆண்டில் டிடபிள்யூஎஸ் சொத்து மேலாண்மை நிறுவனம், இஎஸ்ஜி முறையைப் பற்றி மிகைப்படச் சொன்னதற்காக 1.9 கோடி டாலர் கட்டியது.

#14 குழுமேசை

இனி முதல் கேள்வி: தனி உட்குழுவா, தணிக்கைக் குழுவா?

வேலையைப் பிரித்தால் விடை தானாக வரும். எண், கட்டுப்பாடு, எண்களுக்கு வெளித் தணிக்கையாளர் தரும் உத்தரவாதம் மூன்றும் தணிக்கைக் குழுவுக்கே. அவற்றைத் தனிக் குழுவிடம் கொடுத்தால் கணக்கு படிக்கத் தெரியாத குழு கணக்கைப் பார்க்கும். பருவநிலைத் தகவல் வெளியிடுவதற்கான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற சர்வதேசத் தரநிலை நடைமுறைக்கு வந்தபின் நிதி அறிக்கையில் உள்ள சொத்து ஆயுளும், பருவநிலைப் பகுதியில் சொல்லும் ஆயுளும் ஒத்துப்போக வேண்டும். ஒரே குழு இரண்டையும் பார்த்தால்தான் முரண் தெரியும். ஊதியம் ஊதியக் குழுவுக்கு. தனி உட்குழுவுக்கு மிஞ்சுவது உள்ளடக்கம்: ஆலைப் பாதுகாப்பு, நிலம், நீர், சப்ளையர், சமூகம். கனிமம், ரசாயனம், ஆடை போன்ற தொழிலுக்கு அது வேண்டும். மென்பொருள் நிறுவனத்துக்கு முழு போர்டே போதும். தென்னாப்பிரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்குச் சமூக, நெறிமுறைக் குழு சட்டத்திலேயே கட்டாயம்.

தனிக் குழு வைத்தால் இரண்டு நிபந்தனை. அதன் தலைவரோ உறுப்பினர் ஒருவரோ தணிக்கைக் குழுவிலும் உட்கார வேண்டும். மூலதனச் செலவுக் கோரிக்கைகள், வரம்பைத் தாண்டினால், போர்டுக்குப் போகுமுன் இந்தக் குழுவின் கருத்தோடு போக வேண்டும். இரண்டாவது இல்லாத குழு விருது விழாவுக்குப் பெயர் பரிந்துரைப்பதோடு நின்றுவிடும்.

#15 அகல்விளக்கு

வெளி உத்தரவாதம் என்றீர்கள். "வரம்புக்குட்பட்ட உத்தரவாதம்" பெற்றோம் என்று பல அறிக்கைகளில் பார்க்கிறேன். அதை வைத்துப் போர்டு எவ்வளவு நிம்மதி அடையலாம்?

#16 கணக்குச்சாவி

கொஞ்சம்தான். "தவறு இருப்பதாக எங்கள் கவனத்துக்கு எதுவும் வரவில்லை" என்ற எதிர்மறை வாக்கியமே அதன் முடிவு. பெரும்பாலும் விசாரித்தல், ஏற்ற இறக்கங்களை ஒப்பிடுதல், சில ஆலைகளுக்குப் போய்ப் பார்த்தல். நியாயமான உத்தரவாதத்தில்தான் கட்டுப்பாடுகளைச் சோதித்து, மாதிரி எடுத்து, "எண் சரியாகத் தரப்பட்டுள்ளது" என்று நேராகச் சொல்வார்கள். ஐஎஸ்எஸ்ஏ 5000 என்ற உலகளாவிய தரநிலை 2024 நவம்பரில் வந்தது, இரண்டு வகைக்கும் பொருந்தும்.

மூன்று இடங்களைப் பாருங்கள். அறிக்கையின் எந்தெந்த எண்ணுக்கு உத்தரவாதம்? பல நேரம் எண்பதில் ஆறுக்குத்தான் இருக்கும். எத்தனை ஆலைக்குப் போனார்கள், அவற்றைத் தேர்ந்தது யார்? திருத்தாமல் விட்ட பிழைகளின் பட்டியல் தணிக்கைக் குழுவுக்கு வந்ததா? மூன்றாவதைக் கேட்டு வாங்காத குழுக்கள் நிறைய.

ஸ்கோப் 3 எண்ணில், அதாவது சப்ளையர், வாடிக்கையாளர் பக்கத்து உமிழ்வில், மட்டும் கூடுதல் கவனம். பதினைந்து வகைகளில் கொள்முதல் பொருளை "செலவழித்த பணம் பெருக்கல் சராசரிக் காரணி" என்று கணக்கிட்டிருந்தால், விலை ஏறினால் உமிழ்வு ஏறும், தள்ளுபடி பேசி வாங்கினால் உமிழ்வு குறையும். உண்மையில் ஒன்றும் மாறியிருக்காது. இந்த முறை எங்கே பெரிய சுமை இருக்கிறது என்று கண்டுபிடிக்க நல்லது. இலக்கைக் கண்காணிக்கவோ போனஸ் கொடுக்கவோ உதவாது. முதல் பத்து பொருள்களுக்காவது டன், மீட்டர், லிட்டர் என்று அளவின் அடிப்படைக்கு மாறியபின் இலக்கு வையுங்கள்.

#17 சட்டமுடிச்சு

கடைசியாகக் கூட்டக் குறிப்பு. "நிலைத்தன்மை பற்றிய விளக்கக்காட்சி அளிக்கப்பட்டது, குழு கவனத்தில் கொண்டது" என்ற வரி, விபத்துக்குப் பின் யாரையும் காக்காது. எந்தத் தாள் வைக்கப்பட்டது, கேட்ட இயக்குநரின் பெயர் இல்லாவிட்டாலும் என்ன கேள்வி எழுந்தது, நிர்வாகம் எந்தத் தேதிக்குள் எதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது பதிவாக வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் நிரல், அந்தத் தேதி கடந்தவற்றின் பட்டியல்.